பொம்மைக்கு உடம்பு சரியில்லை: ரஷ்யக் குழந்தைப் பியானோ இசைப் பதிவுகளைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகள் கீபோர்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆனபோது, ஒரு பக்க உருப்படி ஒன்றைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தாள். பெயர் ‘பொம்மைக்கு உடம்பு சரியில்லை’. எழுதியவர் சாய்கோவ்ஸ்கி. சுரமெல்லாம் பிசகாமல்தான் வாசித்தாள். ஆனால் கேட்டால் பொம்மைக்கு ஒரு நோயும் இருப்பதாகத் தெரியவில்லை, திடகாத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. சரி, ஒரு நல்ல பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று தேட உட்கார்ந்தேன். ஓபஸ் 39 (ஓபஸ் என்பது ஓர் இசையமைப்பாளரின் படைப்புக்குக் கொடுக்கும் வரிசை எண்), குழந்தைகளுக்கான 24 உருப்படிகள், ரஷ்யர் எழுதியது. எல்லாம் பொருந்திய ஒன்றைப் பிடித்துப் போட்டேன். பொம்மை வரும் என்று இருவரும் காத்திருந்தோம். கோமாளிகள் வந்து குட்டிக்கரணம் அடித்தார்கள்.

அது கபலேவ்ஸ்கி. அவருடைய ஓபஸ் 39-உம் குழந்தைகளுக்கான 24 உருப்படிகள்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படி முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பியானோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இந்த இசையில் பாதி பெரியவர்கள் கேட்க வேண்டியது என்பது என் கட்சி.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெளிவாகட்டும்

‘குழந்தை இசை’ என்ற பெயரில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. குழந்தைகள் உட்கார்ந்து கேட்பதற்கு எழுதியது ஒரு வகை. 1936-இல் புரோகோபியேவ் எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ அப்படிப்பட்டது. அதில் கதைசொல்லியும் முழு இசைக்குழுவும் உண்டு. குழந்தைப் பருவத்தை நினைத்துப் பெரியவர்கள் வாசிக்க எழுதியது இன்னொன்று. குழந்தையின் கைக்கு எட்டும்படி, குழந்தையே வாசிக்க எழுதியது மூன்றாவது. இந்த வழிகாட்டி மூன்றாவது வகையைப் பற்றியது.

இதற்கு வாசல் திறந்தவர் ஜெர்மானியரான ஷூமான். 1848-இல் தன் ‘இளையோர் ஆல்பத்தை’ எழுதினார். முப்பது வருடம் கழித்து சாய்கோவ்ஸ்கி தன்னுடையதை வெளியிட்டபோது, ஷூமான் பாணியில் என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அங்கிருந்து கிளம்பிய வரிசையில் முதலில் கேட்க வேண்டியவை இவை:

சாய்கோவ்ஸ்கி: ‘குழந்தைகள் ஆல்பம்’, ஓபஸ் 39, 1878, 24 உருப்படிகள்.
மாய்கபார்: ‘பிர்யூல்கி’, ஓபஸ் 28, 1920-கள், 26 உருப்படிகள்.
புரோகோபியேவ்: ‘குழந்தைகளுக்கான இசை’, ஓபஸ் 65, 1935, 12 உருப்படிகள்.
கபலேவ்ஸ்கி: ஓபஸ் 27-இல் 30, ஓபஸ் 39-இல் 24, 1930-களின் பிற்பகுதியும் 40-களும்.
ஷோஸ்டகோவிச்: ‘குழந்தைகள் நோட்டுப் புத்தகம்’, ஓபஸ் 69, 1944–45, 7 உருப்படிகள்.
கச்சதூரியன்: ‘குழந்தைகள் ஆல்பம்’, முதல் தொகுதி 1947, இரண்டாவது 1960-களின் நடுவில்.
குபைதுலினா: ‘இசைப் பொம்மைகள்’, 1969, 14 உருப்படிகள்.

‘ரஷ்ய’ என்று சொல்வது ஒரு வசதிக்குத்தான். கச்சதூரியன் திபிலிசியில் பிறந்த ஆர்மீனியர். குபைதுலினா தாத்தர் தந்தைக்குப் பிறந்தவர். மாய்கபார் கெர்சோன் ஊர்க்காரர். சாய்கோவ்ஸ்கியின் ஆல்பம் உருவானதே இன்றைய உக்ரைனில் இருக்கும் காமென்காவில், அவர் தங்கை குடும்பத்தின் பண்ணை வீட்டில்.

ஏன் இத்தனை பேர் குழந்தைகளுக்கு எழுதினார்கள்? சோவியத் காலத்தில் சாதாரணப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் போகும் குழந்தைகள் இசைப் பள்ளிகள் ஊர் ஊருக்கு இருந்தன. ஏழு வருடப் படிப்பு, வருடா வருடம் தேர்வு. அத்தனை பிள்ளைகளுக்கும் வாசிக்கப் புதுப்புது உருப்படிகள் வேண்டியிருந்தன. பெரிய சிம்பொனி எழுதுகிறவர்கூட இதை மட்டமான வேலையாக நினைக்கவில்லை.

படி 2: தேடும்போது எங்கே வழுக்கும்

ஓபஸ் எண்ணை மட்டும் தட்டினால் எனக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். இசையமைப்பாளர் பெயர், ஓபஸ் எண், ஓர் உருப்படியின் பெயர் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள்.

தலைப்பும் ஏமாற்றும். ‘சில்ட்ரன்ஸ் ஆல்பம்’ என்றால் சாய்கோவ்ஸ்கியாகவும் இருக்கலாம், கச்சதூரியனாகவும் இருக்கலாம். ‘ஆல்பம் ஃபார் த யங்’ என்பது ஷூமானுக்கு உரிய பெயர், ஆனால் சாய்கோவ்ஸ்கி வட்டுகளிலும் அதை ஒட்டியிருக்கிறார்கள். கச்சதூரியனின் முதல் தொகுதி ஆங்கிலப் பதிப்புகளில் ‘இவானின் சாகசங்கள்’ ஆகிவிட்டது. மூலத்தில் இவானே கிடையாது. ‘லியாதோ’ என்ற பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று ஓர் உருப்படி அதில் உண்டு. மேற்கே போனதும் அவன் இவானாகிவிட்டான். ரஷ்யப் பெயர் தெரிந்தால் ரஷ்ய எழுத்திலேயே தேடுங்கள், ‘தியெத்ஸ்கி அல்போம்’ என்று. ஆங்கிலத்தில் கண்ணில் படாத பழைய பதிவுகள் அங்கே குவிந்திருக்கும்.

அப்புறம், பியானோதானா என்று பாருங்கள். சாய்கோவ்ஸ்கி ஆல்பத்தைத் தந்திக் கருவிகளுக்கு மாற்றி வாசித்த பதிவுகள் நிறைய. போரொதின் நால்வர் குழுவின் முதல் வயலினாக இருந்த துபின்ஸ்கி செய்த மாற்றம் அழகானது, ஆனால் பியானோ படிக்கும் பிள்ளைக்கு அது உதவாது. கணினியே வாசித்த பதிவுகளும் உண்டு. பத்து விநாடியில் கண்டுபிடித்துவிடலாம்: எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில், தட்டச்சு மாதிரி விழும். ஆசிரியர்கள் மாணவருக்காக மெதுவாக வாசித்துப் போட்டவை மூன்றாவது ரகம். பயிற்சிக்கு நல்லவைதான், ரசிக்க அல்ல.

கடைசியாக, வரிசை மாற்றிப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். விளம்பரம் வரும் செயலியாக இருந்தால் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் சவ ஊர்வலம் முடிந்த அமைதியில் சலவைத்தூள் விளம்பரம் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு.

படி 3: சாய்கோவ்ஸ்கியில் தொடங்குங்கள், அவசரப்படாதீர்கள்

1878-இன் கோடைத் தொடக்கம். சாய்கோவ்ஸ்கிக்கு முந்தைய வருடம் மோசமான வருடம். கல்யாணம் பண்ணிக்கொண்டு சில வாரங்களிலேயே ஓடிவந்திருந்தார். மருமகப் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் உட்கார்ந்து இந்த 24 உருப்படிகளை எழுதினார். ஆறு வயது மருமகன் வொலோத்யா தவீதொவுக்குக் காணிக்கை. பல உருப்படிகள் ஒரு நிமிடத்தைத் தொடாது. மொத்தமே ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

காலைப் பிரார்த்தனையில் ஆரம்பித்து, குளிர்காலக் காலை, மரக்குதிரை விளையாட்டு, அம்மா, மரச் சிப்பாய்கள், பொம்மை என்று ஒரு குழந்தையின் நாள் விரிகிறது. அப்புறம் ஊர் சுற்றல்: ரஷ்யப் பாட்டு, இத்தாலியப் பாட்டு, பழைய பிரெஞ்சுப் பாட்டு, ஜெர்மன் பாட்டு, நேப்பிள்ஸ் பாட்டு. இருட்டியதும் ஆயா சொல்லும் கதை, பாபா யாகா, இனிய கனவு. சோவியத் குழந்தைக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குப் பாபா யாகாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோழிக்கால் மேல் நிற்கும் குடிசைக்காரி. முசோர்க்ஸ்கி 1874-இல் ‘கண்காட்சிச் சித்திரங்களில்’ இதே கிழவியைப் பூதாகாரமாக வரைந்தார். அதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டால் பெரியவர் பயமும் பிள்ளைப் பயமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இப்போது பொம்மைக்கு வருவோம். அச்சான வரிசையில் ஆறாவது ‘பொம்மைக்கு உடம்பு சரியில்லை’, ஏழாவது ‘பொம்மையின் சவ ஊர்வலம்’, எட்டாவது ‘வால்ட்ஸ்’, ஒன்பதாவது ‘புதுப் பொம்மை’. நோய், சாவு, ஒரு நடனம், மறுபடியும் சந்தோஷம். இசையமைப்பாளரின் கையெழுத்துப் பிரதியில் இந்த ஆல்பத்தின் வரிசை வேறு. அதைப் பின்பற்றும் பியானோ கலைஞர்களும் இருக்கிறார்கள், அதனால் இரண்டு பதிவில் இரண்டு வரிசை இருந்தால் பதற வேண்டாம்.

ஆறாவதை மட்டும் தனியாக, கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு சுரம் விழுகிறது. பிறகு சின்ன மௌனம். அப்புறம் அடுத்தது. மேலே பாட்டு, அடியில் கனத்த சுரம், நடுவில் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தள்ளித் தள்ளி வருகின்றன. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை பேச முயல்வது மாதிரி, ஒரு வார்த்தை, மூச்சு, ஒரு வார்த்தை. இந்த மௌனங்களை எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்பதில்தான் வாசிப்பவரின் தரம் இருக்கிறது. அவசரக்காரர் கையில் பாட்டு ஒழுங்காக ஓடும், நோய் காணாமல் போகும். அழுகையைக் கூட்டுகிறவர் கையில் பொம்மை நாடகக்காரி ஆகிவிடும். நல்லவர் கையில் அது பொம்மையும் இல்லை, மனுஷியும் இல்லை. குழந்தை எந்த அளவுக்கு நம்புகிறதோ அந்த அளவுக்கு உயிர்.

சவ ஊர்வலம் சோகச் சாயலுள்ள சி மைனர் சுரவரிசையில், கால் இழுத்து நடக்கும் தாளத்தில். இதில் சிரிப்புக் காட்டி வாசிக்கும் பதிவை உடனே நிறுத்திவிடுங்கள். பெரிய சவ ஊர்வல இசைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு எழுதப்பட்டது இது. ‘புதுப் பொம்மை’ உற்சாகமான பி ஃப்ளாட் மேஜர் சுரவரிசை, மூச்சிரைக்க ஓடும், முக்கால் நிமிடம்கூட இருக்காது. முதல் தடவை இந்த வரிசையைப் போட்டபோது அக்கா மகள் கேட்டாள், “மாமா, புதுசு வந்ததும் பழசை மறந்துட்டாங்களா?” என்னிடம் பதில் இல்லை. சாய்கோவ்ஸ்கியிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் சில இடங்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மரச் சிப்பாய்கள் அணிவகுப்பு மெல்லிய ஒலியில் போக வேண்டும், அவர்கள் விரல் உயரம்தானே. ‘நேப்பிள்ஸ் பாட்டு’ அவருடைய ‘அன்ன ஏரி’ பாலேயிலிருந்து வந்தது. ‘பழைய பிரெஞ்சுப் பாட்டு’ பின்னாளில் அவருடைய ‘ஓர்லியான் கன்னி’ ஓபராவுக்குள் போனது. தெருவில் பெட்டி சுற்றிப் பாடுகிறவனின் மெட்டை அவர் வெனிஸில் கேட்டார். ‘குடியானவன் அக்கார்டியன் வாசிக்கிறான்’ என்ற உருப்படி குறும்பானது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றிரண்டு கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து). திரும்பத் திரும்ப அதையே இழுத்து, வீட்டுக்கு வந்து சேராத கார்டில் அப்படியே நின்றுவிடுகிறான். பதிவை அங்கே நிறுத்தி, விட்ட சுரத்தைப் பாடச் சொன்னால் இசை படிக்காத பிள்ளையும் பாடிவிடும்.

படி 4: ஒரே உருப்படி, இரண்டு கைகள்

ஒரே பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதுதான் பாட்டு என்று மனசில் உறைந்துவிடும். குறைந்தது இரண்டு வேண்டும்.

நான் சொல்வது யாக்கொவ் ஃப்ளியரும் மிகாயில் ப்ளெத்நியோவும். இருவருமே ஓபஸ் 39-ஐ முழுதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இவர்கள் குருவும் சீடனும் என்பதால் ஜோடி இன்னும் சுவாரசியம். ஃப்ளியர், இகும்னொவின் மாணவர், மாஸ்கோ கன்சர்வேட்டரியில் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தவர், 1977-இல் இறந்தார். அவரிடம் படித்த ப்ளெத்நியோவ் அடுத்த வருடமே சாய்கோவ்ஸ்கி போட்டியில் முதல் பரிசு வாங்கினார். கச்சேரி மேடையில் இசைக்குழுவோடு சேர்ந்து பெரிய பெரிய கொன்செர்ட்டோக்கள் வாசிக்கும் கைகள், ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கும் பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்கின்றன என்று கேட்பதே ஒரு பாடம்.

மூன்றாவது வேண்டுமென்றால் சாந்தோஸ் நிறுவன வட்டில் லூபா எத்லினா. துபின்ஸ்கியின் மனைவி இவர்தான். ஷூமான், தெபுஸி, சாய்கோவ்ஸ்கி மூவரின் குழந்தை இசையையும் ஒரே இடத்தில் ஒப்பிட நாக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்ட, துருக்கியப் பியானோ கலைஞர் இடில் பிரெட்டின் வட்டு வசதி.

ஒப்பிடும் முறை எளிது. முழு ஆல்பத்தையும் இரண்டு தடவை போடாதீர்கள், பிள்ளை எழுந்து போய்விடும். ஒரே உருப்படியை அவரிடம் ஒரு தடவை, இவரிடம் ஒரு தடவை. “எது நல்லா இருக்கு?” என்று கேட்காதீர்கள், குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். “எந்தப் பொம்மைக்கு ஜுரம் அதிகம்?” என்று கேளுங்கள். பதில் காதிலிருந்து வரும்.

படி 5: மாய்கபார், ஒரு கைப்பிடி குச்சிகள்

பிர்யூல்கி என்பது குவித்துப் போட்ட குச்சிகளில் மற்றது அசையாமல் ஒன்றை உருவும் விளையாட்டு. பெயருக்கேற்பச் சின்னச் சின்ன உருப்படிகள்: தோட்டத்தில், ஆட்டிடையன், பட்டாம்பூச்சி, இசைப் பெட்டி, ஏழு காத தூரம் தாண்டும் மாயச் செருப்பு. மாய்கபார் வியன்னாவில் லெஷெடிட்ஸ்கியிடம் படித்தவர். பெரிய பெயர்கள் இதைத் தொட்டது குறைவு. கிடைப்பவை பெரும்பாலும் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசித்தவை. சாய்கோவ்ஸ்கிக்கு வாசிக்க விரல் எட்டாத பிள்ளைக்கு முதலில் இதைப் போடலாம். ‘இசைப் பெட்டி’ பெரும்பாலும் மேல் கட்டைகளிலேயே நடக்கும், பெட்டி திறந்தால் வரும் ஒலி அப்படியே இருக்கும்.

படி 6: புரோகோபியேவ், ஒரு நாள் வெளியே

1935 கோடை. மாஸ்கோவுக்குத் தெற்கே ஓகா ஆற்றங்கரையில் பொலெனொவோ. பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நாடு திரும்பிக்கொண்டிருந்த புரோகோபியேவ் அங்கே தங்கியபோது இந்த 12 உருப்படிகளை எழுதினார். சாய்கோவ்ஸ்கியின் குழந்தை வீட்டுக்குள் இருக்கிறது. புரோகோபியேவின் குழந்தை காலையில் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறது. காலை, உலாத்தல், வெட்டுக்கிளிகளின் அணிவகுப்பு, மழையும் வானவில்லும், தொட்டுப் பிடித்து, மாலை, கடைசியில் புல்வெளி மேல் நடக்கும் நிலா.

‘காலை’யின் முதல் வரியில் இரண்டு கைகளும் வெகு தூரம் தள்ளி நிற்கும், ஒன்று உச்சியில், மற்றது அடியில். நடுவில் வெறும் வெளி. ‘மழையும் வானவில்லும்’ பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அமுக்கியது போல் தொடங்கும். தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அவை மழைத்துளிகள். வானவில் வரும்போது எல்லாம் தெளியும்.

நடுவில் ‘பச்சாத்தாபம்’ என்று ஓர் உருப்படி இருக்கிறது. தப்புப் பண்ணிவிட்டு மூலையில் நிற்கும் பிள்ளையின் மனசு. இத்தனை விளையாட்டுக்கு நடுவில் அது வந்து நிற்பதுதான் இந்தத் தொகுப்பை எனக்கு நெருக்கமாக்கியது.

பதிவுக்கு, அவருடைய பியானோ இசையைத் தொடராகப் பதிவு செய்த போரிஸ் பெர்மனோ ஃப்ரெடரிக் சியூவோ போதும். இதில் ஏழை 1941-இல் புரோகோபியேவே சின்ன இசைக்குழுவுக்கு மாற்றி ‘கோடை நாள்’ என்று பெயரிட்டார். பியானோவில் பழகிய பிறகு அதைப் போடுங்கள். அவருடைய கையையே கேட்க வேண்டுமென்றால் 1935-இல் பாரிஸில் பதிவான ‘கிழப் பாட்டியின் கதைகள்’, ஓபஸ் 31-இலிருந்து இரண்டைத் தேடுங்கள். அது குழந்தைக் கைக்கு எழுதியதல்ல. ஆனால் இரும்புக் கை என்று பெயர் வாங்கியவர் எவ்வளவு மென்மையாக வாசிக்கிறார் என்று தெரியும்.

படி 7: ஷோஸ்டகோவிச், அப்பாவின் குரல்

மகள் கலீனா 1936-இல் பிறந்தவள். பியானோ படிக்கத் தொடங்கியதும் அப்பா அவளுக்கென்று எழுதியது ‘குழந்தைகள் நோட்டுப் புத்தகம்’. அணிவகுப்பு, வால்ட்ஸ், கரடி, சிரிப்புக் கதை, சோகக் கதை, சாவி கொடுத்த பொம்மை, பிறந்தநாள். மொத்தமும் பத்து நிமிடத்துக்குள்.

இதற்கு எந்தப் பதிவு என்ற கேள்வியே இல்லை. ஷோஸ்டகோவிச்சே வாசித்தது இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பெயரை அவரே ரஷ்ய மொழியில் சொல்கிறார். ஒலி பழசு. அதைப் பொருட்படுத்தாதீர்கள். வரவேற்பறையில் மகளுக்குச் சொல்லிக்காட்டும் ஓர் அப்பா கேட்கிறார்.

சாவி கொடுத்த பொம்மையின் மெட்டு, பதின்ம வயதில் அவர் எழுதிய ஓபஸ் 1-லிருந்து எடுத்தது. தன் பழைய நோட்டிலிருந்து மகள் நோட்டுக்கு. ‘பிறந்தநாள்’ தொடங்கும் எக்காளத்தைக் கேட்டுவிட்டு 1954-இல் அவர் எழுதிய ‘விழா முன்னிசை’யின் முதல் சில விநாடிகளைப் போடுங்கள், சொந்தம் தெரிந்துவிடும். சாய்கோவ்ஸ்கியின் பொம்மைக்கு உயிர் இருந்தது. இதற்குச் சாவிதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு எதற்கு உயிர் என்று கேட்டால் தப்பாகச் சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 8: கபலேவ்ஸ்கி, கச்சதூரியன்

நம் ஊரில் வெளிநாட்டுத் தேர்வு வாரியங்களின் பியானோ கிரேடு எழுதுகிற பிள்ளைகள் கபலேவ்ஸ்கியைத் தவிர்க்க முடியாது, அடிக்கடி பாடத்திட்டத்தில் வந்துவிடுவார். அதனாலேயே பலருக்கு அவர் பெயர் பரீட்சை வாடை அடிக்கும். பாவம், நல்ல மனிதர். வாழ்நாளில் பாதியைப் பள்ளி இசைக் கல்விக்கே கொடுத்தார்.

ஓபஸ் 39-இல் இருக்கும் ‘கோமாளிகள்’ ஏன் சிரிப்பு மூட்டுகிறது என்று கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அந்தர காந்தாரமும் சாதாரண காந்தாரமும் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று இடித்துத் தள்ளுகின்றன. இப்போது மேஜர், இதோ மைனர், மறுபடியும் மேஜர். முகத்தில் பாதி சிரிப்பு, பாதி அழுகை வரைந்த கோமாளி. வேகமாக வாசிக்கிறோம் என்று இந்த இரண்டையும் குழப்பிவிடும் பதிவுகளை ஒதுக்குங்கள்.

பிள்ளைக்கு இவர் பிடித்துப்போனால் 1952-இல் இளைஞர்களுக்காக அவர் எழுதிய மூன்றாம் பியானோ கொன்செர்ட்டோவுக்குப் போங்கள். எமில் கிலெல்ஸ் வாசிக்க, கபலேவ்ஸ்கியே இசைக்குழுவை நடத்திய பதிவு இருக்கிறது.

கச்சதூரியனின் முதல் தொகுதிக்கு இயாத் சுகேர் பிஸ் நிறுவனத்துக்காக வாசித்தது ஒலித் தெளிவில் சிறப்பு. ‘ஆந்தான்தினோ’ என்ற முதல் உருப்படி அவர் மாணவராக இருந்த 1926-ஐச் சேர்ந்தது. அதன் சோகத்தில் ஆர்மீனியப் பாட்டின் சாயல் இருக்கிறது. மற்றவற்றை ஒரு தடவை கேட்டால் போதும்.

படி 9: கடைசியாகக் குபைதுலினா

இதை முதலில் போட்டால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். மற்றவற்றில் காது பழகிய பிறகு, ஒரு மழை நாளில் போடுங்கள். ‘இசைப் பொம்மைகள்’ 14-இல் இயந்திர அக்கார்டியன், ராட்டினம், காட்டில் எக்காளம் ஊதுபவன், மரங்கொத்தி, மணி கட்டிய சறுக்குவண்டி, எதிரொலி எல்லாம் உண்டு. பாட்டு என்று முணுமுணுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் பியானோவை ஒரு பெரிய பொம்மைப் பெட்டியாகத் திறந்து காட்டுவார். ‘மரங்கொத்தி’யில் பிள்ளைகள் சிரிப்பார்கள், ‘எதிரொலி’யில் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பார்கள். ஆண்ட்ரியாஸ் ஹெஃப்லிகர் பதிவில் இரண்டுமே கிடைக்கும்.

படி 10: வீட்டில் நடைமுறை

போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். சாய்கோவ்ஸ்கியின் ‘காலைப் பிரார்த்தனை’ முடியும்போது அடியில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ‘தேவாலயத்தில்’ என்பதன் முடிவிலும் அப்படித்தான், மணி அடிப்பது போல. இந்த இரண்டும் கேட்கவில்லை என்றால் உங்கள் ஸ்பீக்கர் பாட்டில் பாதியை விழுங்குகிறது. சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

ஒரு நாளைக்கு மூன்று உருப்படி, நாலு நிமிடம். சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல நேரம். பெயரைச் சொல்லாமல் போட்டு, என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். ‘மரக்குதிரை’யை ஒரு பிள்ளை தையல் மெஷின் என்றது, மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பொம்மை வரிசைக்கு மட்டும் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய பதிவுகளோடு சேர்ந்து வாசிக்க வைக்காதீர்கள். சுருதி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும், பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைக்கும். வாசிக்கும் வேகத்துக்கும் பதிவை அளவுகோல் ஆக்க வேண்டாம். ஸ்வரத்தாள் வேண்டுமென்றால் சாய்கோவ்ஸ்கியுடையது காப்புரிமை கடந்தது, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். ஷோஸ்டகோவிச், கபலேவ்ஸ்கி, கச்சதூரியன் மூவரும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தவர்கள். அவர்களுடையதைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

அக்கா மகள் ஃப்ளியரை ஒரு வாரம், ப்ளெத்நியோவை ஒரு வாரம் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீபோர்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வாசித்தாள். நடுவில் ஒரு மௌனத்தை அவ்வளவு நேரம் பிடித்து வைத்தாள், சமையலறையிலிருந்து என் அம்மா குரல் கொடுத்தார்:

“ஏண்டி, நிறுத்திட்டியா?”

“இல்ல பாட்டி. பொம்மை மூச்சு வாங்குது.”